பக்கத்து இருக்கை

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு கடற்கரை ஊர். அங்கே ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1830களில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. நம் ஊர்ப் பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். அந்த ஊரில் பிறந்து 1787இல் சென்னைக்கு வந்தவர். 1789 முதல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குக் கண்காணிப்பாளராக இருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவே இல்லை. ஒரு நாள் குதிரையில் போகிறபோது, நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் இதெல்லாம் ஆகாது என்றார்கள். ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார் பெல். ஆசிரியர்கள் ஆகாது என்றது பையன் கையில் ஆகிவிட்டது.

நம் திண்ணைப் பள்ளிகளில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தான். சட்டாம்பிள்ளை என்று பெயர். வாத்தியார் இல்லாதபோது மற்றவர்களைக் கட்டி மேய்ப்பதும், புதிதாக வந்தவனுக்குக் கைபிடித்து எழுத்துச் சொல்லித் தருவதும் அவன் பொறுப்பு. பெல் இந்த ஏற்பாட்டை முறைப்படுத்தி 1797இல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அங்கே இதைக் கொண்டாடியதற்குக் கற்பித்தல் தத்துவம் ஒன்றும் காரணமில்லை, மலிவாக இருந்தது. ஒரே ஆசிரியரை வைத்துப் பல நூறு ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிடலாம் என்ற கணக்கு தர்மவான்களுக்குப் பிடித்துப்போயிற்று.

இணையவழிக் கல்லூரிப் படிப்பு நல்லதா, வகுப்பறை நல்லதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும். ஆசிரியர் ஒருவர், மாணவர் ஓராயிரம் என்ற ஆசை கணினி வந்த பிறகு பிறந்ததல்ல. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் தங்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது, சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 1,60,000 பேர். உலகமே ஒரு வகுப்பறை ஆகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டே உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாட நிறுவனங்கள் மூன்றும் கடை திறந்தன. முதல் பாடத்தை முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர் என்பதையும், நாளாக நாளாக இந்த விகிதம் தேய்ந்துகொண்டே போனதையும் அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லவில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு என்பது நியாயமான சமாதானம்தான். ஆனால் எட்டிப் பார்க்க வந்தவர்களுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்?

இன்னொரு சேதியையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பறைக் கட்சியை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதாக ஆகிவிடும். அந்த ஸ்டான்ஃபோர்டு வகுப்பில் வளாகத்திலேயே இருந்த மாணவர்கள் ஏறக்குறைய 200 பேர். சில வாரங்களில் வகுப்பறைக்கு வருகிறவர்கள் 30 பேர் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். மற்றவர்கள் அறையில் உட்கார்ந்து வீடியோவே பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், புரியாவிட்டால் திரும்ப ஓட்டலாம். விரிவுரை என்ற சரக்கைப் பொறுத்தவரை வீடியோ வகுப்பறையைத் தோற்கடித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நம் ஊரில் இதற்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் வீடியோ பாடங்களைப் பார்த்துத்தான் நம் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் எத்தனையோ இளம் ஆசிரியர்கள் மறுநாள் வகுப்புக்குத் தயாராகிறார்கள். மாணவரும் அதே வீடியோவைப் பார்த்திருப்பார். இருவரும் ஒரே மூலத்தைப் படித்துவிட்டு எதிரும் புதிருமாக நிற்கும்போது நடுவில் கரும்பலகை எதற்கு என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

கலைக் கல்லூரிகளில் நிலைமை வேறு மாதிரி. நாற்பது வருடப் பழைய நோட்ஸை வாசிக்க, அறுபது பேர் தலை குனிந்து எழுதிக்கொள்ளும் வகுப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ‘நேரடி வகுப்பு’ என்றதும் சாக்ரடீஸும் சீடர்களும் மரத்தடியில் விவாதிப்பது போன்ற படம் மனதில் வருகிறவர்கள், தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளின் உள்ளே ஒரு நடை போய்வர வேண்டும். ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. பேசினால் வீட்டுக்குப் போன். கழுத்தில் அடையாள அட்டை இல்லாவிட்டால் அபராதம். வகுப்பறை என்கிற அந்த உன்னதத்தோடு இணையப் படிப்பை ஒப்பிட்டால் இணையம் தோற்கும். நம் கண்முன் இருக்கிற வகுப்பறையோடு ஒப்பிட்டால் அவ்வளவு சுலபமாகத் தோற்காது.

அப்படியும் தோற்கிறது என்பதுதான் விசித்திரம். அமெரிக்காவில் டிவ்ரை என்ற தனியார் பல்கலைக்கழகம், ஒரே பாடத்தை வகுப்பறையிலும் இணையத்திலும் நடத்தியது. பாடத்திட்டம் ஒன்று, பாடநூல் ஒன்று, பெரும்பாலும் ஆசிரியர்களும் அவர்களே. ஆய்வாளர் எரிக் பெட்டிங்கரும் அவருடைய சகாக்களும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை அலசி 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இணையத்தில் படித்தவர்களின் தரப்புள்ளி, நான்குக்கு 0.44 அளவுக்குக் குறைந்தது. அந்தப் பாடத்தோடு போகவில்லை; அதற்குப் பிறகு எடுத்த பாடங்களிலும் சறுக்கினார்கள், படிப்பை விட்டு நின்றுபோவதும் கூடியது. அடி பலமாக விழுந்தது யார் மேல் என்றால், ஏற்கெனவே மதிப்பெண் குறைவாக இருந்தவர்கள் மேல். முன்னிலை மாணவர்களுக்குப் பெரிய சேதாரம் இல்லை. 2013இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் உடாசிட்டியுடன் சேர்ந்து அடிப்படைக் கணக்குப் பாடங்களை இணையத்தில் நடத்திப் பார்த்துச் சில மாதங்களில் நிறுத்திவைத்ததும் இதே காரணத்தால்தான். யாரைக் கைதூக்கிவிடப் போகிறோம் என்று சொன்னார்களோ அவர்கள்தான் அதிகமாகத் தோற்றார்கள்.

பாடம் ஒன்று, நூல் ஒன்று, ஆசிரியர் ஒருவர் என்றால் எது குறைந்தது? என் ஊகம் இது: பக்கத்தில் ஆள் இல்லை. இதை ஆய்வு சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆசிரியர் சொன்னது புரியாதபோது நாம் முதலில் பார்ப்பது ஆசிரியரை அல்ல, பக்கத்தில் இருப்பவனை. அவனும் திருதிருவென முழித்தால் நிம்மதி. குறை நம்மிடம் இல்லை, சார்தான் சொதப்புகிறார். அவனுக்குப் புரிந்திருந்தால் இடைவேளையில் டீக்கடையில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவான். அவனுக்கும் நேற்றுத்தான் புரிந்தது என்பதால், எங்கே இடறும் என்பது இன்னும் மறந்திருக்காது. பேராசிரியருக்கு அது மறந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நாளை என்பது, மறுமதிப்பீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்தப் பாடத்தில் எந்த அலகை விட்டாலும் தேறலாம், ஸ்காலர்ஷிப் படிவத்தில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் முதல் பட்டதாரிச் சான்றிதழோடு கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளையை மூன்று வருடம் தாக்குப்பிடிக்க வைப்பவை இவைதான். படித்த வீட்டுப் பிள்ளைக்கு அக்காவோ சித்தப்பாவோ இதைச் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்குக் கடைசி பெஞ்ச்தான் அக்காவும் சித்தப்பாவும்.

இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் வகுப்பறை இல்லாத கல்லூரியை இணையம் வருவதற்கு முன்பே நடத்திப் பார்த்தவர்கள் நாம். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல், அண்ணாமலை 1979இல், சென்னை 1981இல். ‘கரஸ்’ என்று செல்லமாகவும் இளப்பமாகவும் சொல்வார்கள். “ரெகுலரா, கரஸா?” என்ற கேள்வி கல்யாணப் பேச்சிலும் வரும், வேலை நேர்காணலிலும் வரும். பேருந்து நடத்துநர்கள், காவலர்கள், கிளர்க்குகள், பதினெட்டில் கல்யாணமாகிப் போன பெண்கள் எத்தனையோ பேர் பட்டம் வாங்கியது அந்தச் சாணிக்காகிதப் புத்தகக் கட்டுகளைப் படித்துத்தான். தொலைதூரப் பட்டமும் இணையப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் மறுபடி தெளிவுபடுத்த வேண்டியிருந்தது என்றால், அதுவரை நம் அலுவலகங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கரஸில் படித்து முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் நினைவில் நிற்பது புத்தகக் கட்டு அல்ல, கான்டாக்ட் கிளாஸ். சனி, ஞாயிறுகளில் ஏதாவதொரு கல்லூரிக் கட்டடத்தில் நடக்கும். பாடம் என்னவோ சுமார்தான். ஆனால் முன்பின் தெரியாத நாலு பேர் மதியச் சாப்பாட்டில் சேர்ந்து, ஒருவர் முந்தைய வருடக் கேள்வித்தாள் கொண்டுவர, இன்னொருவர் அதை நகலெடுத்து வர, தேர்வுக்கு ஒரே லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, ராத்திரி முழுக்க ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத் தேறியிருப்பார்கள். 1971இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. பிபிசியில் பாடம் ஒளிபரப்பினார்கள், தபாலில் புத்தகம் அனுப்பினார்கள். அதோடு ஊருக்கு ஊர் பயிற்றாசிரியர்களை வைத்தார்கள், கோடையில் ஒரு வாரம் எல்லோரும் ஓரிடத்தில் தங்கிப் படிக்கும் ஏற்பாட்டையும் வைத்தார்கள். நாம் தபாலை அப்படியே எடுத்துக்கொண்டோம், மற்றதைப் பேருக்கு வைத்துக்கொண்டோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லோருமே கரஸ் ஆகிவிட்டோம். அந்தக் காலத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. சிக்னலுக்காக மொட்டை மாடியிலும் மரக்கிளையிலும் ஏறியவர்களின் படங்களையும் பார்த்தாகிவிட்டது. தமிழக அரசு 2021 ஜனவரியில் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாகத் தந்தது. நல்ல காரியம். ஆனால் கருவியும் டேட்டாவும் இருந்தவர்கள்கூடக் கேமராவை அணைத்தே வைத்திருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று பல ஆசிரியர்கள் கோபப்பட்டார்கள். அதுவும் கொஞ்சம் இருந்திருக்கலாம். வகுப்பறையில் எல்லோருக்கும் ஒரே சுவர். ஜூமில் ஆளுக்கொரு சுவர். ஓலைக் கீற்றையும் ஒழுகிய கறையையும் ஏன் அறுபது பேருக்குக் காட்ட வேண்டும்? வகுப்பறையில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். யார் யாரோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். முகமும் ஊரும் மறைகிற இணையத்தில் அது குறையும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ளும் வாய்ப்பும் அங்கேதான் இருந்தது.

பெண்பிள்ளைகளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் வகுப்பு என்றால், பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குக்கரை இறக்க வேண்டும், தம்பிக்குச் சோறு போட வேண்டும். “போன்லதானே படிக்கிற, காதுதானே கேக்குது, கை சும்மாதானே இருக்கு?” கல்லூரி என்பது அவளுக்குப் பட்டம் தரும் இடம் மட்டுமல்ல. காலை எட்டு மணிக்கு நியாயமான காரணத்தோடு வீட்டைவிட்டு வெளியே போய், மாலை ஐந்து வரை யாருக்கும் தண்ணீர் மொண்டு தராமல் இருக்கும் உரிமை. அந்த வகையில் 2021இலிருந்து பெண்களுக்கு நகரப் பேருந்தில் வந்த கட்டணமில்லாப் பயணமும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு 2022இலிருந்து மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் எந்தக் கற்றல் செயலியையும்விடப் பெரிய கல்விச் சீர்திருத்தங்கள் என்பது என் கட்சி. “வீட்டிலிருந்தே டிகிரி” என்ற விளம்பரத்தைப் பார்க்கிற அப்பாக்களில் சிலருக்கு, பெண்ணை அனுப்பாமல் இருக்க ஒரு கௌரவமான வழி கிடைத்துவிடுகிறது. அதே விளம்பரம், அனுப்பவே மாட்டேன் என்றிருந்த இன்னொரு வீட்டில் ஒரு கதவைத் திறந்தும் விடுகிறது. இரண்டும் நடக்கிறது. எது அதிகம் என்று அந்தந்தத் தெருவில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பக்கத்தில் ஆள் இல்லை என்ற குறை, இணையப் படிப்பை ஒழுங்காக நடத்துகிறவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. சென்னை ஐஐடி 2020 ஜூனில் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. நிரலாக்கமும் தரவு அறிவியலும் பாடம். ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம். நான்கு வாரப் பாடத்தைக் கொடுத்து, அதில் தேறினால் உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணத்தில் முக்கால் பங்குவரை சலுகை. பாடம் வீடியோவில், தேர்வு மட்டும் ஊருக்கு ஊர் மையங்களில் நேரில். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமும் லண்டன் மாதிரியில் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகத்தான் பிறந்தது. தானே பாடம் நடத்த ஆரம்பித்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வந்திருக்கிறோம் போலும்.

எனக்குச் சுவாரசியமாக இருப்பது அந்தப் படிப்பின் இன்னொரு ஏற்பாடு. ஒருவரையொருவர் பார்த்தே இராத மாணவர்களை விடுதி விடுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். நீலகிரி, பிச்சாவரம், வயநாடு, சுந்தரவனம், காஸிரங்கா. கட்டில் கிடையாது, மெஸ் கிடையாது, பெயர் மட்டும்தான் விடுதி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வாட்ஸப்பில் கூடுகிறார்கள், சீனியர் ஜூனியருக்குச் சொல்லித்தருகிறார், போட்டி வைத்துச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ‘பாரடாக்ஸ்’ என்ற விழாவுக்குச் சென்னை வளாகத்துக்கு நேரில் வருகிறார்கள். கேலி செய்யத் தோன்றும். நான் செய்ய மாட்டேன். வீடியோவும் தேர்வும் மட்டும் போதாது என்று அதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடையாது. விடுதி இல்லாத இடத்தில் விடுதியைக் கற்பனை செய்யவாவது முயன்றிருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு லிங்க் அனுப்பிவிட்டுப் போகிற எத்தனையோ இணையப் பட்டங்களில் அந்தக் கற்பனைகூட இல்லை.

ஆகவே, இணையமா வகுப்பறையா என்று கேட்டு வருகிற பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அதே துறையில் வேலை செய்கிற அண்ணன், அலுவலகத்தில் கூடப் படிக்கிற இரண்டு பேர், தெருவில் அந்தப் படிப்பை முடித்த ஒருத்தி, யாராவது? இருந்தால் தாராளமாகச் சேருங்கள், பணமும் பயணமும் மிச்சம். வேலைக்குப் போகிறவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் நான் யோசிக்காமல் இணையத்தைத்தான் சொல்வேன். யாரும் இல்லை, வீட்டில் இவன்தான் முதல் என்றால், பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரி எவ்வளவு சுமாராக இருந்தாலும் அங்கே போகட்டும். பாடத்தை என்பிடெலில் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் புதிய செயலி தேவையில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களால் அது நிரம்பி வழியும். அவர்களுக்கு வேண்டிய பாடமெல்லாம் யூடியூபிலும் டெலிகிராமிலும் கையிலேயே இருக்கிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்து படிக்கலாம். அப்படியும் இரண்டு பஸ் மாறி, கட்டுச்சோற்றோடு வருகிறார்கள். எதற்கு என்று கேட்டால் “வீட்ல படிக்க முடியாது சார்” என்பார்கள். கொஞ்ச நேரம் கவனித்தால் தெரியும்: ஒருவர் எழுந்து போகாதவரை இன்னொருவரும் எழுந்து போவதில்லை, வெளியே படிக்கட்டில் கணக்குச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மாணவர் சேராமல் மூடிக் கிடக்கும் பொறியியல் கல்லூரிகள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. விரிவுரைக் கூடங்கள், மின்விசிறிகள், மரப்பெஞ்சுகள் எல்லாம் தூசி படிந்து கிடக்கின்றன. மாவட்டத்துக்கு நாலு இடத்தில் அப்படிப்பட்ட கூடத்தையோ கிளை நூலக மாடியையோ இணையத்திலும் கரஸிலும் படிப்பவர்களுக்கு மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை திறந்துவிடலாம். வைஃபை, குடிநீர், ஒரு காவலாளி, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, எட்டரைக்கு ஒரு பஸ். வாத்தியார்கூட வேண்டாம். சட்டாம்பிள்ளைகளை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.